என் வண்டிக்குள் அவன் இன்ஜின்

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்று, என் மனைவியிடம், "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமானு கேளும்மா" என்பார். எனக்கும் அவருக்கும் நடுவே நாலு அடிகூட இருக்காது. நானும் மனைவியைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பேன். மாப்பிள்ளைக்கு மரியாதையாம். திருவண்ணாமலையில் பாதி வீடுகளில் இந்த வழக்கமெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. என் மாமியார் வீட்டில் மட்டும் அது சட்டமாக நின்றது. அதுவும் எனக்கு மட்டும்.

எனக்கு மட்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் சகலைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மாமியாருக்குச் சொந்தத் தம்பி மகன், அதாவது அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. "டேய், இன்னும் ரெண்டு இட்லி போட்டுக்கோடா, எலும்பும் தோலுமா இருக்கற" என்று அவன் முதுகில் ஒன்று வைப்பார். அவனும் சமையலறைக்குள் நேரே போய் வடைத் தட்டில் கை வைப்பான். நான் அந்நியத்திலிருந்து வந்தவன். எனக்குப் பெரிய இலை, வெள்ளித் தம்ளர், "அவங்க". அவனுக்கு ஒரு "டா". அந்த "டா"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது.

வசதியிலும் அவன்தான் ஒரு படி மேலே. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் வைத்திருக்கிறான். சீசனில் ஒரு அறைகூடக் காலி இருக்காது. நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. அவனிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய வெள்ளைக் கார். என்னிடம் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பழைய சின்னப் பெட்ரோல் கார். தெருவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், என்னுடையது அவன் வண்டிக்குள்ளிருந்து இறக்கி வைத்ததுபோல இருக்கும்.

மாமியாருக்குச் சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று மாதம் ஒருமுறை வேலூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் ஊசி போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் அவன் வண்டியில்தான் போய்வந்தார். சாயந்திரம் என் மனைவிக்குத் தங்கையிடமிருந்து போன் வரும். "அம்மா திரும்பி வரும்போது என் மடியிலயே தூங்கிட்டாங்கக்கா." போனை வைத்ததும் என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அக்கா தங்கைக்குள்ளும் இந்தக் காய்ச்சல் இருந்தது. நான் மட்டும் மகா பொறாமைக்காரன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு கிருத்திகைக்கு எல்லோரும் மாமியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த மாச ஊசிக்கு நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் மனைவி முகம் பூவாக மலர்ந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, "அவங்களுக்கு ஆபீஸ் இருக்குமே, கேளும்மா" என்று குரல் வந்தது. "லீவு போட்டுக்கறேன்னு சொல்லு" என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்தால் மாமியாருக்குக் குமட்டும். அவர் முன்னால்தான் உட்கார்வார், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில். காருக்குள் சமையலறைக் கதவு கிடையாது. வேலூர் போய்ச் சேரும்வரை என்னோடு பேசாமல் எத்தனை நேரம்தான் இருப்பார்? வழியில் ஒரு வார்த்தை, "மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா போங்க" என்று நேராகச் சொல்லிவிட்டால் போதும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி காலை வாரிவிட்டது. போளூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ரேடியேட்டர் டியூப் வெடித்துத் தண்ணீரெல்லாம் ரோட்டில் கொட்டியிருக்கிறது. சூட்டு முள் மேலே ஏறி நின்றதை நான் பார்க்கவில்லை. பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் தெரிந்தது. கயிறு கட்டி, அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாய் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். பாய் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில், பால் கலந்த காபி மாதிரி இருந்தது.

"பிளாக்கே விட்டுப்போச்சு சார். தண்ணி உள்ள எறங்கிடுச்சு. இத சரி பண்ணலாம், ஆனா செலவு ஜாஸ்தி, உழைப்பு கம்மி. பேசாம செகண்ட்ஸ்ல ஒரு இன்ஜின் பாத்துப் போட்டுடலாம்."

"என் பட்ஜெட்டுக்கு அடங்குமா பாய்?"

"ஸ்கிராப்புக்குப் போன வண்டியில இருந்து எடுத்தா அடங்கும். பாடி செத்திருக்கும், இன்ஜின் உசுரோட இருக்கும்."

விஷயம் சகலை காதுக்கு எப்படியோ போய்விட்டது. அன்று சாயந்திரமே போன். "அண்ணா, ஏன் இந்தப் பழசுக்குப் போய் மெனக்கெடறீங்க? என் வண்டிய எடுத்துனு போங்க. டிரைவரையும் அனுப்பறேன்." நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆகவில்லை. கெட்டவனாக இருந்து தொலைத்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். "பரவால்ல தம்பி, நம்ம வண்டி ரெடியாயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

பாயும் நானும் பஸ் பிடித்து வேலூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்பு யார்டு. செத்த வண்டிகளிலிருந்து கழற்றிய இன்ஜின்களை மர அடுக்குகளின் மேல் வைத்திருந்தார்கள். எங்கள் மாடலுக்கு இரண்டு இருந்தன. பாய் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுச் சுற்றி, பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் பார்த்தார். "ரெண்டும் நல்லாதான் இருக்கு சார். உங்க இஷ்டம்" என்றார்.

ஒன்று சாதாரணமாக இருந்தது. இன்னொன்றின் மேல்மூடிக்கு யாரோ கிளிப்பச்சையில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்ஜினுக்குப் போய் யார் பெயிண்ட் அடிப்பார்கள்? வண்டியைக் குழந்தைபோல வைத்திருந்த ஆள்தான் அடிப்பான். அப்படிப்பட்டவன் ஆயிலும் நேரத்துக்கு மாற்றியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. கண்ணுக்கும் மங்களகரமாக இருந்தது. "அந்தப் பச்சைய எடுத்துக்கலாம் பாய்" என்றேன். பேப்பரெல்லாம் கடைசியாக வைத்திருந்த ஆரணிக்காரர் ஒருவர் பேரில் ஒழுங்காக இருந்தது. இன்ஜினை லோடு வண்டியில் ஏற்றிவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில், அந்த முகம் தெரியாத ஆளைப் பற்றிப் பாயிடம் நான் புகழ்ந்த புகழ்ச்சியை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "ரசனையுள்ள மனுஷன் பாய் அவர்" என்றேன்.

ஆபீஸ் விட்டதும் நேரே ஷெட்டுக்குத்தான் போவேன். மேலே இரும்பு விட்டத்தில் சங்கிலிக் கப்பி மாட்டிப் பழைய இன்ஜினைத் தூக்கினார்கள். அது போன பிறகு பானெட்டுக்குள் பெரிய குழி. பல் பிடுங்கிய வாய்போல இருந்த அந்தக் குழியைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. கையைக் கடிக்காத அளவுக்குத்தான் செலவு செய்தோம். கார்புரேட்டர், டைனமோ எல்லாம் பழைய இன்ஜினிலிருந்தே கழற்றி மாட்டினார்கள். கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மட்டும் புதுசு. "அதுல மட்டும் கை வைக்காதீங்க சார், அப்புறம் மறுபடியும் எறக்கணும்" என்று பாய் சொல்லிவிட்டார். இன்ஜின் உட்காரும் ரப்பர்களும் புதுசாகப் போட்டோம். ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர் மாற்றும் வேலைக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

சாவியைத் திருப்பியபோது இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அடேயப்பா, அந்தச் சத்தம்! என் பழைய இன்ஜின் ஓடும்போது கதவெல்லாம் சேர்ந்து தாளம் போடும். இது ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. வேங்கிக்கால்வரை ஓட்டிப் பார்த்தேன். ஆபீஸ் கேட் முன்னால் தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தேன்.

ஊசிக்கு முந்தின வாரம், ராஜகோபுரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டோம். மாமியார் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. அவரும் வந்திருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூசணிக்காயில் சூடமும் ஏற்றியாயிற்று. மாமியார் என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று, "வண்டி நல்லா அமைஞ்சிருக்குனு அவங்ககிட்ட சொல்லும்மா" என்றார். நான் உச்சி குளிர்ந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து சகலை பைக்கில் வந்து இறங்கினான். "அண்ணா, இன்ஜின காட்டுங்க பாக்கலாம்" என்றான். நானே பெருமையாகப் பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு பச்சை மூடியின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினான்.

"அண்ணா! இத எங்க புடிச்சீங்க? இது என் இன்ஜின்ணா!"

"என்ன தம்பி சொல்றீங்க?"

"நான் மொதமொதல்ல வாங்குன வண்டி இருந்துச்சே, இதே மாடல்? வித்துட்டேனே? அதோடது! இந்தப் பச்ச நான் அடிச்சது. ரூம் கேட்டுக்கு வாங்குன பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு. இதோ பாருங்க, பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக்கிச்சு, எடுக்க வரல, அப்படியே விட்டுட்டேன்."

பார்த்தேன். காய்ந்த பெயிண்டுக்குள் ஒரு முடி, கோணலாக. என் முகத்தில் ஈயாடவில்லை.

அவனுக்கோ வாயெல்லாம் பல். மாமியாரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தான். "அத்தே, நம்ம பழைய வண்டி அத்தே! அப்பாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோமே, அதே இன்ஜின்!"

மாமியார் முந்தானையை மறந்தார், என்னையும் மறந்தார். "நெசமாவாடா? நெஞ்சு வலினு என் தம்பி துடிச்சப்ப காத்தா பறந்துச்சே, அந்த வண்டியாடா?" குங்குமத்தட்டை வாங்கி, அந்தப் பச்சை மூடிமேல் தன் கையாலேயே பொட்டு வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் தம்பி உசுரக் காப்பாத்துன சாமிடா இது" என்றார். பூஜைக்குக் காசு கொடுத்தது நான். அலைந்தது நான். பஸ்ஸில் போய்ப் பொறுக்கி எடுத்தது நான். பொட்டு மட்டும் அவன் இன்ஜினுக்கு.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் வண்டிக்குப் பேரே மாறிவிட்டது. போனில் கொழுந்தியாள், "சின்னவர் இன்ஜின் எப்படி ஓடுது மாமா?" என்று சிரிப்பாள். தெருவில் நிறுத்தினால் மாமியார் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், "சின்ன மாப்பிள்ளையோட இன்ஜினாமே, ராசியான இன்ஜின்" என்பார். வண்டி நன்றாக ஓடினால் அது அவன் ராசி. நடுவழியில் நின்றால் மட்டும் அது என் வண்டியாம்! மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை. இரண்டு இன்ஜினில் அந்தப் பச்சையைக் காட்டிய என் விரலையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

பாயிடம் போய், "இத எறக்கிட்டு அந்த இன்னொரு இன்ஜின மாட்டிடலாமா?" என்று கேட்டேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், ஏதாவது சத்தம் வருதா?" "இல்ல." "ஆயில் குடிக்குதா?" "இல்ல." "அப்புறம்?" ஒரு டீ சொல்லி, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊசிக்கு முந்தின நாள், வாசலில் பானெட்டைத் தூக்கிவைத்து, உப்புத்தாளால் அந்தப் பச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"துரு புடிச்சிருக்கு."

"துரு பச்சக் கலர்லயா புடிக்கும்?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதுனு நெனச்சீங்களா? எனக்கு மட்டும் இல்லையா? அவ ஒவ்வொரு மாசமும் 'அம்மா என் மடியில தூங்கிட்டாங்க'னு சொல்றப்ப எனக்கு எப்படி இருக்கும்? நாளைக்கு எங்கம்மா நம்ம வண்டியில ஏறப்போறாங்க. அத நெனச்சி நான் ராத்திரி தூங்கல. யார் இன்ஜினா இருந்தா எனக்கென்ன? ஓடுனா போதும். ஏதாவது ஏடாகூடம் பண்ணி நாளைக்கு வண்டி நின்னுச்சு, அப்புறம் நான் பேசவே மாட்டேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் பானெட்டை மூடினேன். அதற்குள் பாதிப் பச்சை போயிருந்தது. பிரஷ் முடி இருந்த பக்கம் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் மாமியார் வீட்டுச் சந்து முனையில் வண்டியை நிறுத்தினேன். முன் சீட்டுக்குப் புது டவல் விரித்து, சாய்ந்துகொள்ள ஒரு தலையணையும் வைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால், அவன் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறான். கையில் பிளாஸ்க், ஆஸ்பத்திரி பைல்.

"என் வண்டி ஏர்போர்ட்டுக்குப் போயிருக்குண்ணா, கெஸ்ட் வராங்க. ஆஸ்பத்திரியில எனக்கு எல்லாரையும் தெரியுமே, சும்மா தொணைக்கு வரேன்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளையும் விட்டுத்தர மாட்டானா? இருந்தும் சிரித்தேன். "வாங்க தம்பி, பின்னாடி தாராளமா எடம் இருக்கு" என்றேன். பின்னாடி என்பதை அழுத்திச் சொன்னேன்.

மாமியார் வந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நான் ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் ஏறவில்லை. காரைப் பார்த்தார். பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார். அவனைப் பார்த்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, யார் தோளுக்குப் பின்னாலும் நிற்காமல், என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார்.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

"ஒண்ணும் தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பின்னாடி சௌகரியமா உட்காந்துக்கோங்க. அவன் ஓட்டட்டும். அவன் கைக்குப் பழகுன இன்ஜின். எனக்கும் பயமில்லாம இருக்கும்."

சகலை பதறிப்போய், "அய்யோ அத்தே, அண்ணா நல்லா ஓட்டுவாரு" என்றான். நான் சாவியை நீட்டினேன். வேறென்ன செய்வது? மாமியார் முதன்முதலாக வாய் திறந்து கேட்டதை, எந்த மாப்பிள்ளை மறுப்பான்?

அவன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். மாமியார் பக்கத்தில் ஏறி, என் தலையணையில் சாய்ந்துகொண்டார். "மெதுவா போடா" என்றார். நான் பின் சீட்டில், மடியில் பிளாஸ்க்கையும் பைலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டிப் போளூர் ரோட்டில் ஏறியதும் அத்தையும் மருமகனும் பழைய கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். முகமெல்லாம் சந்தோஷம். காதோரம் குனிந்து, "ஏங்க, கேட்டீங்களா? அம்மா உங்ககிட்ட பேசிட்டாங்க!" என்றாள்.

"ஆமா, பேசிட்டாங்க" என்றேன்.

அவன் மூன்றாவது கியருக்கு மாற்றினான். நான் மாற்றும்போது ஒரு உதறு உதறும். அவனுக்கு அதுகூட உதறவில்லை.